குறிப்பு, பேரேடு, ஐந்தொகை: படித்ததை வைத்துக் கருத்துக்கு வருவது எப்படி?

கைபேசியில் வந்து விழும் செய்திகளில் செட்டிநாட்டைப் பற்றியவை தனி ரகம். பெருமையும் ஆதங்கமும் சரிபாதியாகக் கலந்திருக்கும். கடைசியில் ‘பகிருங்கள்’ என்று முடியும். அந்த ரகத்தில் ஒன்றை இந்தக் கட்டுரைக்காக நாமே எழுதிக்கொள்வோம்.

“உலகமே வியக்கும் நம் செட்டிநாடு! யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆத்தங்குடி டைல்ஸ், ஆயிரம் ஜன்னல் கொண்ட வீடு, காப்புரிமை பெற்ற கண்டாங்கிச் சேலை! ஆனால் அரசு கண்டுகொள்ளாததால் இந்த அரண்மனைகள் இடிந்து அழிகின்றன. தமிழன் என்றால் பகிர்!”

இதைப் படிப்பவர்கள் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வார்கள். உடனே பத்துப் பேருக்கு அனுப்புவார்கள். அல்லது ‘எல்லாம் புருடா’ என்று அழித்துவிடுவார்கள். இரண்டுக்கும் அரை நிமிடம்தான் ஆகிறது. இரண்டாமவர் விவரமானவர் என்று நினைக்கத் தோன்றும். அவரும் எதையும் சரிபார்க்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலையைத்தான் விமர்சனச் சிந்தனை என்கிறார்கள். தமிழில் ‘விமர்சனம்’ என்றதும் குறை சொல்வது என்றே காதில் விழுகிறது. அதனால் ‘ஆய்ந்து படித்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்ந்து பார்த்துவிட்டு ‘இது சரிதான்’ என்று சொல்வதும் அதில் சேர்ந்ததுதான்.

மூன்று ஏடுகள்

ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் நடத்திய லேவாதேவிக் கடைகளில், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடைகளில், கணக்கு படிப்படியாக ஏறியது. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல் முதலில் குறிப்பில் பதிவாகும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுப்பார்கள்; பற்றும் வரவும் நேர்படுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அக்கரையில் கடையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டு, ஊரில் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகையை அனுப்பிவைப்பார். கடை நன்றாகப் போகிறதா, அந்த ஏஜெண்டை அடுத்த தவணைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்ற முடிவெல்லாம் அதற்குப் பிறகுதான். சந்தேகம் தட்டினால் பேரேட்டைக் கேட்பார்கள். அதிலும் தீராவிட்டால் குறிப்பைப் புரட்டுவார்கள்.

ஒரு செய்தியிலும் இப்படி மூன்று அடுக்கு இருக்கிறது.

1. தகவல். உண்டு, இல்லை என்று சரிபார்க்கக்கூடியது. ‘கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது’ என்பது தகவல். தவறான தகவலும் இந்த அடுக்கில்தான் வரும், ஏனென்றால் அதையும் சரிபார்க்க முடியும்.

2. அனுமானம். தகவல்களைக் கோத்து எட்டுவது. ‘குறியீடு கிடைத்ததால் நெசவாளருக்குக் கூலி உயர்ந்திருக்கும்’ என்பது அனுமானம். முதல் வரி சரியாக இருந்தும் இது தவறாகலாம்.

3. மதிப்பீடு. நல்லது, கெட்டது, வேண்டும், கூடாது என்பவை. ‘விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று விற்பது அநியாயம்’ என்பது மதிப்பீடு. இதை எந்தப் பதிவேட்டிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காரணம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

கருத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டும் மூன்றும் கலந்த ஐந்தொகை. குறிப்பே எழுதாமல் ஐந்தொகை போட்டால் அது எப்படிப்பட்ட ஐந்தொகை என்று அந்தக் கடைகளில் வேலை பழகிய பெட்டியடிப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மாதிரிச் செய்தியை வரிவரியாக

செய்தியை முழுசாக வைத்துக்கொண்டு ‘உண்மையா, பொய்யா’ என்று கேட்பதுதான் முதல் தவறு. அதில் ஐந்து வரி இருக்கிறது. ஐந்துக்கும் ஒரே பதில் வராது.

1. யுனெஸ்கோ அறிவித்துவிட்டது.

யுனெஸ்கோவிடம் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, உலகப் பாரம்பரியப் பட்டியல். இன்னொன்று, ஒவ்வொரு நாடும் ‘இவற்றை வருங்காலத்தில் முன்மொழியலாம் என்றிருக்கிறோம்’ என்று கொடுத்துவைக்கும் பட்டியல். பத்திரிகைகள் இதைத் தற்காலிகப் பட்டியல் என்றும் உத்தேசப் பட்டியல் என்றும் எழுதுகின்றன. ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்’ என்ற தலைப்பில் நம் ஊர்கள் 2014இல் சேர்ந்தது இந்த இரண்டாவது பட்டியலில்.

இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல. உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருந்த பிறகே முறையான முன்மொழிவு அனுப்ப முடியும். அதற்குக் கனமான ஆவணத் தொகுப்பு தயாராக வேண்டும். நிபுணர் குழு நேரில் வந்து பார்க்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை கூடும் உலகப் பாரம்பரியக் குழு முடிவெடுக்கும். ஒரு நாடு ஆண்டுக்கு ஓர் இடத்தைத்தான் முன்மொழியலாம். இந்தியாவின் உத்தேசப் பட்டியலோ அறுபதைத் தாண்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் முதல் பட்டியலுக்குப் போனவை மாமல்லபுரம் (1984), தஞ்சைப் பெரிய கோயில் (1987), பிறகு அதனுடன் சேர்க்கப்பட்ட கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் (2004), நீலகிரி மலை ரயில் (2005) போன்றவை. 2025இல் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது.

ஆகவே ‘அறிவித்துவிட்டது’ என்பது தவறு. ‘செட்டிநாட்டுக்கும் யுனெஸ்கோவுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று அழித்தவர் சொல்வதும் தவறு. பெண் பார்த்துவிட்டுப் போனதைக் கல்யாணம் முடிந்தது என்று சொன்ன கதைதான் இது; ஆனால் பெண் பார்த்தது நிஜம்.

2. ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆத்தங்குடி டைல்ஸ்.

இந்த வரியைச் சோதிக்க எந்தப் புத்தகத்தையும் தேட வேண்டியதில்லை. டைல்ஸ் போடுகிற பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் போதும். முதலில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கீழே வைக்கிறார்கள். அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் கண்ணாடிமேல் தங்கிவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேல் சிமெண்டுக் கலவையை அப்பி, கரண்டியால் சமன் செய்கிறார்கள். ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் சில நாள் கிடக்கும். வெளியே எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானே கழன்றுவிடும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை என்ற பேச்சே கிடையாது. ‘சுட்ட ஓடு’ என்று எழுதுகிறவர் பட்டறையைப் பார்க்கவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இனி ஆண்டுக் கணக்கு. இதில் பிரதான சரக்கு சிமெண்டு. இன்று நாம் சிமெண்டு என்று சொல்லும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பதிவானதே 1824இல்தான். சிமெண்டில் வார்த்த டைல்ஸ் ஆயிரம் வருடத்துக்கு முன் இருந்திருக்க வழியில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் எழுந்தவை.

‘முன்பு சுண்ணாம்பில் செய்திருக்கலாமே?’ என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அது வேறொரு வரி. அதற்குத் தனியாக ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு கூற்று விழுந்ததும் சத்தமில்லாமல் அதன் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து உட்காரவைப்பது வாக்குவாதங்களில் தினமும் நடக்கிற வித்தை.

3. ஆயிரம் ஜன்னல் வீடு.

காரைக்குடியில் அந்தப் பெயரில் வீடு உண்டு. தமிழில் ‘ஆயிரம்’ என்பது எண் மட்டுமல்ல, ‘எக்கச்சக்கம்’ என்பதற்கான சொல்லும்கூட. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. யாரும் கோயில் பொய் சொல்லிவிட்டது என்று வழக்குப் போடவில்லை. பெயரைப் பெயராக விட்டுவிடலாம். அதை எண்ணிக்கையாக எழுதினால் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

4. காப்புரிமை பெற்ற கண்டாங்கி.

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது புவிசார் குறியீடு. ஒரு பொருளின் தரமோ பேரோ அது உருவாகும் இடத்தோடு பிணைந்திருந்தால், அந்த ஊர்ப்பெயரை மற்றவர்கள் எடுத்தாளாமல் காக்கும் ஏற்பாடு அது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். காப்புரிமை என்பது புதுக் கண்டுபிடிப்புக்கு; இருபது ஆண்டோடு முடிந்துவிடும். ‘தொன்றுதொட்டு வரும் சேலைக்குக் காப்புரிமை’ என்ற வாக்கியம் தன் காலைத் தானே வாரிக்கொள்கிறது. பழையது என்றால் காப்புரிமை கிடையாது. காப்புரிமை என்றால் பழையது கிடையாது. இன்னொன்று: குறியீடு கிடைத்ததாலேயே கடையில் தொங்கும் ஒவ்வொரு சேலையும் அசல் ஆகிவிடாது.

5. அரசு கண்டுகொள்ளாததால் அழிகின்றன.

இது தகவல் மாதிரி வேடம் போட்ட மதிப்பீடு. இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

பத்து இடத்தில் வந்தால் பத்து ஆதாரமா?

‘நானே நாலைந்து இடத்தில் படித்தேன்’ என்பதைவிட வலுவாகக் காதில் விழும் வாதம் இல்லை. அதைவிடப் பலவீனமான வாதமும் அதிகமில்லை. சுற்றுலாப் பக்கங்களில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதே உரிச்சொல், அதே வரிசை, சில சமயம் அதே எழுத்துப்பிழை. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்தால் அது பத்துச் சாட்சியாகாது. கையெழுத்து ஒன்று; நகல் பத்து.

இது நம் மனசைப் பிடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில கூற்றுகளைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் காட்டியபோது, மக்கள் அவற்றை முன்னைவிட உண்மை என்று மதிப்பிட்டார்கள். தவறான கூற்றுகளுக்கும் அதே கதை. பழகிய முகத்தை நம்புவதுபோலப் பழகிய வாக்கியத்தையும் நம்புகிறோம். வாட்ஸ்அப்பில் ஐந்து கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழுவதும், அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் கட்டுப்பாடு வந்ததும் இப்படிப் பரவுவதை மட்டுப்படுத்தத்தான். அந்த இரட்டை அம்பு ‘பொய்’ என்று சொல்வதில்லை. ‘எழுதியவர் உனக்கு அனுப்பியவர் இல்லை’ என்று மட்டும் சொல்கிறது.

அப்படியானால் யார் எழுதியது என்று எப்படித் தேடுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். அறிமுகமில்லாத இணையதளங்களைக் காட்டி நம்பலாமா என்று கேட்டார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே நின்று மேலிருந்து கீழாகப் படித்தார்கள். அழகான முத்திரை, கனமான மொழிநடை இவற்றில் ஏமாந்தவர்கள் பலர். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்ததும் அதைவிட்டு வெளியேறி, இந்த அமைப்பு யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பக்கவாட்டில் தேடினார்கள். நேரமும் குறைவாக ஆயிற்று, பதிலும் சரியாக வந்தது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் காபி குடித்துக்கொண்டே அந்த வீட்டாரைப் பற்றி அவர்களிடமே கேட்பதற்கும், நாலு வீடு தள்ளி விசாரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. திரையில் வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

யுனெஸ்கோ வரிக்கு நாலு வீடு தள்ளிப் போவது என்றால், உலகப் பாரம்பரிய மையத்தின் தளத்தில் இந்தியாவின் பக்கத்தைத் திறப்பது. இரண்டு பட்டியலும் தனித்தனியாக அங்கே கிடக்கின்றன. இரண்டு நிமிட வேலை.

பழைய விஷயம் என்றால் முதல் ஆதாரம் எது என்று கேட்க வேண்டும். நடந்த காலத்திலேயே, நடந்த இடத்திலேயே உண்டான பதிவு முதல் ஆதாரம். அதைப் படித்துப் பின்னால் எழுதியது இரண்டாம் நிலை. இந்த வேறுபாட்டைப் பலருக்கு முன்பே உணர்ந்தவர் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர், ரோஜா முத்தையா செட்டியார். புத்தகங்களோடு நின்றுவிடாமல் நாடக நோட்டீஸ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதையும் சேர்த்துவைத்தார். 1983இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக்கு எதையும் நிரூபிக்கும் உத்தேசம் கிடையாது. அதனாலேயே அது நல்ல சாட்சி.

பர்மாக் கணக்கு: எல்லா வரியும் சரி, இருந்தும்

இதுவரை பார்த்தது சுலபமான வகை. தவறான வரியைத் தவறு என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் முடிவு எதிரும் புதிருமாகப் போவது இன்னொரு வகை. செட்டிநாட்டில் இதற்குப் பர்மாவைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பின்னணி சுருக்கமாக. கீழ் பர்மா 1852இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதிக் கழிமுகத்தின் காட்டையும் சதுப்பையும் வயலாக்க உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கத் தயாராக இல்லை. இங்கிருந்து ‘கொண்டுவிக்க’, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர்கள் கொடுத்தார்கள். ஈடு, பெரும்பாலும் நிலம்.

இனி இரண்டு எண்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், உடைமைப்பட்ட நிலத்தில் செட்டியார்கள் பெயரில் இருந்தது 1930இல் சுமார் 6 சதவீதம். 1937இல் சுமார் 25 சதவீதம்.

இதை வைத்து ஒருவர் எழுதலாம்: ‘ஏழே ஆண்டில் உழவனின் நிலத்தில் கால்வாசியை விழுங்கினார்கள்.’ இன்னொருவர் எழுதலாம்: ‘கொடுத்த பணம் திரும்பாமல், வேண்டாத நிலத்தில் முதலீட்டை முடக்கிக்கொண்டு நஷ்டப்பட்டார்கள்.’ இருவர் கையிலும் அதே இரண்டு எண்கள்தான். இந்த இடத்தில் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, எதில் 25? பதின்மூன்று மாவட்டங்களில். ‘பர்மாவில் கால்வாசி’ என்று சுருக்கி எழுதினால் அப்போதே கணக்கு பிசகிவிட்டது. சதவீதம் எழுதிய எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது ‘எதில்?’ என்பதைத்தான்.

இரண்டாவது, நடுவில் என்ன நடந்தது? 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் தொகை குறையவில்லை. விற்ற நெல் வட்டிக்குக்கூடக் காணவில்லை. ஈட்டு நிலம் கைமாறியது.

மூன்றாவது, ஒரு விளக்கம் சரியென்றால் வேறென்ன தெரிய வேண்டும்? நிலத்தைப் பிடிப்பதுதான் ஆரம்பத்திலிருந்தே தொழில் என்றால், பல பத்தாண்டுகள் கடன் கொடுத்த பிறகு 1930இல் கையில் இருந்தது வெறும் 6 சதவீதமாக இருக்குமா? இருக்காது என்றே தோன்றுகிறது. லேவாதேவிக்காரருக்குச் சுழலும் பணம்தான் சரக்கு. வயல் என்பது முடங்கிய பணம். இந்த அளவில் இரண்டாவது விளக்கம் எண்களோடு கூடுதலாக ஒட்டிப்போகிறது.

ஆனால் இங்கேதான் நம்மவர்கள் அவசரப்பட்டுப் பேரேட்டை மூடுகிறார்கள். நோக்கத்தைப் பற்றிய விடை, விளைவைப் பற்றிய விடை ஆகாது. செட்டியார் விரும்பி எடுத்தாரோ விரும்பாமல் எடுத்தாரோ, உழவன் கையைவிட்டு நிலம் போனது. பிற்பாடு 1948இல் பர்மாவில் நிலம் தேசியமயமானது. 1960களில் மிச்சமிருந்த கடைகளும் போயின. இதை இங்கே ‘சொத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டினார்கள்’ என்று சொல்லி வளர்ந்த வீடுகள் உண்டு. அதே வயலை ‘மீட்டோம்’ என்று சொல்லி வளர்ந்த வீடுகள் அங்கே இருக்கும்.

நான்காவது கேள்வி அதனால் வருகிறது. எதிர்த்தரப்பின் ஏடு எங்கே? கடன் கொடுத்தவர் பேரேடு எழுதினார், ஐந்தொகை எடுத்தார், கடிதம் போட்டார். வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாகவும் வைத்தார். பிரிட்டிஷ் அரசு விசாரணைக் குழு வைத்து அறிக்கை அச்சிட்டது. கடன் வாங்கிய உழவன் எழுதி வைத்தது நாம் படிக்கும் மொழிகளில் அநேகமாக இல்லை. நமக்குக் கிடைப்பவற்றில் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருப்பதற்கு நியாயம் காரணமல்ல. யார் எழுதினார், யார் சேமித்தார் என்பதுதான் காரணம். படிக்கும்போது இந்த ஓட்டையின் அளவையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

கருத்துக்கும் அளவு உண்டு

கம்பன் கழகம் 1939இல் சா. கணேசன் முயற்சியில் தொடங்கிய ஊர் காரைக்குடி. பட்டிமண்டபம் இங்கே தினசரிப் பேச்சில் கலந்த சொல். மேடையில் பேசுகிறவர் தனக்கு ஒதுக்கிய அணிக்காக வாதாடுவார். அடுத்த மாதம் வேறு ஊரில் எதிரணியில் உட்கார்ந்து அதே சாமர்த்தியத்தோடு பேசுவார். யாரும் கோபப்படுவதில்லை, ஏனென்றால் அது கலை என்று எல்லோருக்கும் தெரியும். படிக்கும்போது நாம் செய்வதும் பல சமயம் அதுதான். அணியை முதலில் எடுத்துக்கொண்டு அப்புறம் ஆதாரம் தேடுகிறோம். ஒரே வித்தியாசம், நமக்கு நாம் பட்டிமண்டபத்தில் இருப்பதே தெரிவதில்லை.

இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் இதை ஓர் எளிய விளையாட்டில் காட்டினார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, ‘இவை ஒரு விதிப்படி வந்தவை, நீங்களும் மூன்று மூன்று எண்ணாகச் சொல்லிப் பாருங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள்’ என்றார். பெரும்பாலோர் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று முடிவுகட்டி 8, 10, 12 போன்றவற்றையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ‘பொருந்துகிறது’ என்றே பதில் வந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பது. 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் எண்ணம் தவறாகக்கூடிய இடத்தில் போய்த் தட்டிப் பார்க்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரை உறுதிப்படுத்தல் சாய்வு என்று தமிழில் சொல்கிறார்கள்.

நடைமுறையில் இதற்கு மாற்று, ‘எதைக் காட்டினால் நான் இந்தக் கருத்தை விடுவேன்?’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. பர்மா விஷயத்தில் மேலே சொன்ன கணிப்புக்கு என் பதில் இது: மந்தத்துக்கு முன்பே, நெல் விலை நன்றாக இருந்த காலத்திலேயே, கடைகள் கடனைத் திருப்பி வாங்க மறுத்து நிலத்தைக் கேட்டதாகப் பரவலான பதிவுகள் கிடைத்தால் அந்தக் கணிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ‘எதைக் காட்டினாலும் விட மாட்டேன்’ என்றால் கையில் இருப்பது கருத்து இல்லை, கட்சி.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் உடனே பற்றா வரவா என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் அனாமத்து என்று ஒரு தலைப்பு உண்டு. தொகை வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. தெரியும்வரை அங்கே நிற்கும். படித்தவற்றில் பாதி அனாமத்தில் நின்றால் தப்பில்லை. ஆனால் நல்ல கணக்குப்பிள்ளை அனாமத்தை மறந்துவிட மாட்டார். என்ன தெரிந்தால் அதைத் தீர்க்கலாம் என்று பக்கத்திலேயே குறித்துவைப்பார்.

மிச்சம் வைத்த ஐந்தாவது வரி

‘அரசு கண்டுகொள்ளாததால் அரண்மனைகள் அழிகின்றன.’ அனாமத்தில் வைத்த இதைத் தீர்க்க என்ன தெரிய வேண்டும்?

முதலில் ‘அரண்மனை’. இவற்றில் பெரும்பாலானவை தனியார் வீடுகள். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் இருபது முப்பது பேர் இருப்பதும், அவர்கள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறியிருப்பதும் சாதாரணம். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் திறந்து, கும்பிட்டு, பூட்டிவிட்டுப் போகிற வளவு வீடுகள் தெருவுக்குத் தெரு. ஓட்டைப் பிரித்து மாற்ற ஆகிற செலவில் யார் பங்கு எவ்வளவு என்பதிலேயே பல ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் ஒரு மழைக்காலம் உத்தரத்தில் இறங்கிவிடும்.

அடுத்து ‘கண்டுகொள்ளாதது’. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாடு 2012இல் ஆணையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தனியார் சொத்தில் அரசு எதுவரை தலையிடலாம், இடிக்கக் கூடாது என்று சொன்னால் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பவை தகவலால் மட்டும் தீராத கேள்விகள். இங்கே நல்ல மனிதர்கள் இருவர் எல்லாத் தகவலையும் ஒத்துக்கொண்ட பிறகும் மாறுபடலாம். அந்த மாறுபாட்டுக்கு யாரும் யாரையும் முட்டாள் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக ‘அழிகின்றன’. தானாக இடிவது ஒன்று, இடித்து விற்பது இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், கதவு நிலை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குவாளி என்று ஏதோ ஒரு முகப்பிலிருந்தும் ஏதோ ஓர் அடுப்படியிலிருந்தும் பெயர்த்து வந்தவை அங்கே விற்பனைக்குச் சாத்தியிருக்கும். அந்தத் தூண் எந்த ஊர் வீட்டில் நின்றது, பங்காளிகளில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், வாங்கிப்போகிறவர் அதை எங்கே நிறுத்தப்போகிறார் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, அந்த ஐந்தாவது வரியைத் திரும்ப எழுதிப் பார்க்கலாம்.